கீழ் முன்பற்களில் ஒரு கறை

பல் வைத்தியர்களாக நியமனம் பெற்று இந்தப் புத்தளத்துக் கரைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் கையில் தந்திருக்கும் வழிகாட்டி நூலை நான் ஓய்வு பெறும்வரை மனப்பாடமாக வைத்திருந்தேன். அதில் பிழைகள் மிகக் குறைவு. கெட்ட செய்தி, அதில் சாப்பாட்டு மேசை இல்லை.

பல்லில் படியும் கறை என்ற தலைப்பின் கீழ் வெற்றிலை, புகையிலை, தேநீர், கோப்பி என்று எழுதி முடித்திருப்பார்கள். எழுதியவர்கள் ஒருமுறை பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, லொறிக்காரர் சாப்பிடும் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்திருந்தால் அந்தப் பக்கம் இரண்டு மடங்கு நீண்டிருக்கும். மேசையில் கறுப்பு சோயா சோஸ் நிற்கும். பக்கத்தில் மிளகாய் சோஸ், தக்காளி சோஸ். புரியாணி கேட்டால் தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழச் சட்னி வரும். மஞ்சள் போட்ட அச்சாறு வரும். இவற்றுள் ஒன்றுகூடப் பல்லுக்கு நண்பன் இல்லை. ஆனால் நோயாளியிடம் “வெற்றிலை போடுவீர்களா?” என்று கேட்கும் நாம் “சட்னி எப்படி?” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நோயாளி நம்மைப் பார்த்துச் சிரிப்பான் என்று பயம்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிப் பைத்தியம் உண்டு. நோயாளியின் பல்லை வீட்டுக்குக் கொண்டுபோவது ஒழுங்குவிதிகளுக்கு முரண். எனவே என்னுடைய சொந்த ஞானப்பற்கள் இரண்டைப் பிடுங்குவித்துக்கொண்ட அன்று அவற்றை உரிமையோடு கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றை நேராகச் சோயா சோஸில் போட்டேன். மற்றதை முதலில் வினாகிரியில் ஊறவைத்து, பிறகு அதே சோஸில் போட்டேன். இரண்டு போத்தல்களையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததுதான் நான் செய்த ஒரே தவறு.

“இதுக்குள்ள இரிக்கிறது ஆர்ட பல்லு?” என்று மனைவி கேட்டாள்.

“என்ட.”

“அப்ப நீங்களே வைச்சுச் சாப்பிடுங்க” என்று சொல்லிப் போனவள், இன்றுவரை அந்தச் சோஸை வீட்டுக்கு வாங்கியதில்லை.

முடிவு என்னவென்றால், வினாகிரியில் குளித்த பல்தான் கடுமையாகக் கறுத்தது. புளிப்பு எனாமலின் மேற்பரப்பை இளக்குகிறது. இளகிய இடத்தில் கறுப்பு குடியேறுகிறது. இதுவும் நூலில் இருக்கிறது, ஆனால் வேறொரு அத்தியாயத்தில். நோயாளியின் வாய்க்குள் எல்லா அத்தியாயங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதை நூல்கள் மறந்துவிடுகின்றன.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வைத்தியசாலை எது என்று கேட்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில் நோன்பு மாதம் வந்தால் பல் கிளினிக்கில் ஈ ஓட்டலாம். இரத்தமோ தண்ணீரோ தொண்டைக்குள் இறங்கிவிட்டால் நோன்பு போய்விடும் என்ற பயத்தில் மக்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். பெருநாள் முடிந்ததும் மாதம் முழுவதும் சேர்த்துவைத்த வலியோடு ஒரே நாளில் எல்லோரும் வருவார்கள். உங்கள் லீவு விண்ணப்பங்களை அதற்கேற்ப எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். ஆனால் அந்த நாட்களில் லீவு கிடைக்காது.

அப்படியொரு நாளில்தான் றிஸ்வி வந்தார். மெலிந்த, பேச்சுக் குறைந்த இளைஞர். குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்து பாலாவிக்குப் பக்கத்தில் குடியேறியது. இவர் பிறந்தது இங்கேதான். கடைவாய்ப் பல்லில் வலி. அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு நிக்காஹ். மணப்பெண் கற்பிட்டிப் பக்கம். பெண்ணின் அண்ணன் நஸீர்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை பல்வலியோடு மணவறைக்கு வரக்கூடாதே என்ற அக்கறை.

அன்று நான் ஒரு பிடிவாதமான வேரோடு போராடிக்கொண்டிருந்தேன். றிஸ்வி போனது பக்கத்துக் கதிரைக்கு. அங்கே என் கீழ் வேலை பார்த்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர், கை சுத்தம், வேகம் கொஞ்சம் அதிகம். இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார், ஆதலால் பெயர் வேண்டாம். வெளியே நீண்ட வரிசை. அவர் றிஸ்வியின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ் முன்பற்களின் ஓரங்களிலும், நாக்கைப் பார்த்த உட்பக்கத்திலும் கபில நிறக் கறை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “தம்பி, இந்த மாவா மெல்லுறதையும் புகையிலையையும் விடாட்டி இந்தப் பல்லெல்லாம் போகும்” என்றார். கடைவாய்ப் பல்லை அடைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இரண்டு கதிரைகளுக்கும், காத்திருப்பவர்கள் உட்காரும் வெளி வாங்குக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். திரை பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. வாங்கில் நஸீர் இருந்தார்.

மறுநாள் காலை நான் கிளினிக்கைத் திறக்குமுன் றிஸ்வி வாசலில் நின்றார். இரவு முழுக்க உறங்காத முகம்.

“டொக்டர், இதைக் கழுவி விடுங்க. இண்டைக்கே கழுவி விடுங்க.”

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். நஸீர் வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா எத்தாளைப் பக்கம் வெங்காயத் தோட்டமும் கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரமும் உள்ள ஹாஜியார். மஃரிப் தொழுத கையோடு றிஸ்விக்குக் கோல் எடுத்து, வெள்ளிக்கிழமை நிக்காஹ் இல்லை என்று சொல்லிவிட்டார். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஊருக்கு அழைப்பும் போயாயிற்று. இனி ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நடக்காது என்று சொல்ல வேண்டும். அதைவிட, ஏன் நடக்காது என்று சொல்ல வேண்டும்.

“ஹாஜியாரே வெத்திலை போடுறவர்தானே?” என்றேன். சந்தையில் அவரைக் கண்டிருக்கிறேன். சிரித்தால் செம்மண் தெரியும்.

“அதையும் அவரே சொன்ன டொக்டர். ‘நான் போடுறன், ஊரு பார்க்கத்தான் போடுறன். நீ இல்லண்டு சொல்லிட்டுப் போடுற. எனக்குப் பழக்கம் பெரிசில்ல, பொய்தான் பெரிசு’ண்டு சொன்ன.”

பெண் பேசிய அன்று ஹாஜியார் றிஸ்வியிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார், ஏதாவது பழக்கம் உண்டா என்று. இல்லை என்றிருக்கிறார் றிஸ்வி. ஹாஜியாருக்கு அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. மூத்த மருமகனும் அப்படித்தான் இல்லை என்றான். கலியாணம் முடிந்த பிறகு அவன் சட்டைப் பையிலும் தலையணைக்குக் கீழும் மாவாப் பொட்டலங்கள் கிடந்தன. மூத்த மகள் இப்போது தகப்பன் வீட்டில் இருக்கிறாள். இன்னொரு மகளையும் ஒரு பொய்யனிடம் கொடுக்கமாட்டேன் என்கிறார். நியாயமான தகப்பன். இதற்கிடையில் அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர் சிலர், ‘வந்த ஆக்கள்’ என்ற பழைய கதையையும் தூசு தட்டி எடுத்திருந்தார்களாம். அதற்கு ஹாஜியார் காது கொடுக்கவில்லை என்று றிஸ்வியே சொன்னார்.

“கழுவிட்டா நான் வீடியோ கோல் எடுத்துக் காட்டுவன் டொக்டர். ஒண்டும் இல்லண்டு.”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கறையைச் சுரண்டி மினுக்குவதற்கு ஒரு தேநீர் ஆறுகிற நேரம் போதும். நோயாளி கேட்கிறார், கருவி இருக்கிறது, ஒழுங்குவிதி தடுக்கவில்லை. ஆனால் நான் செய்திருந்தால் அவர் நல்ல பல்லோடும் கெட்ட பெயரோடும் வீட்டுக்குப் போயிருப்பார். நேற்று இருந்த கறை இன்று இல்லையென்றால் அதைப் பார்க்கும் மாமனார் என்ன நினைப்பார்? களவு பிடிபட்டதும் கை கழுவிவிட்டான் என்றுதான். அந்தக் கறை ஒன்றுதான் அவருக்கிருந்த சாட்சி. அது எதற்குச் சாட்சி என்பது மட்டும் அப்போது எனக்கும் தெரியாது.

“கழுவலாம். ஆனா இண்டைக்கில்ல” என்றேன். அவர் முகத்தில் வந்த வெறுப்பை நான் மறக்கவில்லை.

கதிரையில் இருத்தி, லைட்டைப் போட்டு, நேற்று யாரும் பார்க்காததைப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம் சுத்தம். மெல்லுகிறவன் பொட்டலத்தை ஒதுக்கிவைக்கிற இடம் அது. கன்னத்து உட்தோலில் வெளிறலோ தடிப்போ இல்லை. மேல் அண்ணம் சுத்தம், மேற்பற்களின் உட்பக்கமும் சுத்தம். புகைப்பவனுக்கு அப்படி இருக்காது. கறை முழுவதும் கீழ் முன்பற்கள் ஆறில்தான். அதுவும் உட்பக்கத்திலும் ஓரங்களிலும் இடுக்குகளிலும். வெளிப்பக்கமோ பளிச்சென்று இருந்தது. கருவியால் ஒரு பல்லின் ஓரத்தை மெல்லத் தொட்டேன். கறை மெல்லியதாக எழும்பி வந்தது. பழைய கறை அல்ல, ஒரு மாதத்துச் சரக்கு. எனக்கு என் குளிர்சாதனப் பெட்டி நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், நோயாளியை விட எங்களைத்தான் அதிகம் வெருட்டுவார். அவர் சொல்வார்: “வாயைத் திற எண்டு சொல்ல முந்தி, அந்தாளை வாய் திறந்து கதைக்க விடு.” அன்று அதைத்தான் செய்தேன். கதவைச் சாத்தினேன். இளம் டொக்டரும் அறைக்குள் நின்றார். அவர் நிற்கலாமா என்று றிஸ்வியிடம் கேட்டேன். நிற்கட்டும் என்றார்.

“என்ன வேலை செய்ற?”

“சாப்பாட்டுக் கடையில டொக்டர். சந்தியில.”

“கடையில என்ன வேலை?”

“சோஸ், சட்னி எல்லாம் நான்தான் போடுற. பக்கத்துக் கடையளுக்கும் எங்கட கடையிலிருந்துதான் போகும்.”

“போட்டா ஆர் ருசி பார்க்கிற?”

“நான்தான்.”

“நோன்பு மாசத்திலயும்?”

றிஸ்வி வாயை மூடிக்கொண்டார். பல் வைத்தியனின் முன்னால் வாயை மூடுகிறவர்கள் இரண்டு வகை. ஊசிக்குப் பயந்தவர்கள் ஒரு வகை, பதிலுக்குப் பயந்தவர்கள் மற்ற வகை. முதல் வகைக்கு மரத்துப்போகும் மருந்து உண்டு. இரண்டாம் வகைக்குப் பொறுமைதான். நான் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

“டொக்டர், இதை வெளியில சொல்ல மாட்டீங்கதானே” என்று கடைசியில் தொடங்கினார்.

நோன்பு மாதத்தில் கடையின் முன்பக்கம் மூடியிருக்கும், பின்பக்கம் பெருநாளைவிட மும்முரம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஊர் முழுக்க ரோல்ஸும் சமோசாவும் போக வேண்டும். அவற்றோடு கறுப்பு சோஸும் பேரீச்சம்பழச் சட்னியும் போக வேண்டும். வினாகிரி, பேரீச்சம்பழம், மிளகாய், சீனி எல்லாம் கொதிக்கும் பெரிய சட்டியின் முன்னால், வறண்ட வாயோடு, பகல் முழுக்க நிற்பவர் றிஸ்வி. ஒவ்வொரு சட்டியையும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். கீழ்ப் பல்லுக்குள் ஒரு கணம் வைத்திருப்பார். பல் இடுக்கால் துப்பிவிடுவார்.

“முழுங்கினதில்ல டொக்டர். அல்லாஹ் அறிய ஒரு சொட்டு முழுங்கினதில்ல.”

“துப்பின பிறகு கொப்பளிக்கிறல்லயா?”

“தண்ணி தொண்டைக்குள்ள இறங்கிட்டா?”

பற்பசையும் அதே பயத்தால் பகலில் இல்லை. மிஸ்வாக் குச்சியால் பல் தேய்ப்பார், ஆனால் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும். குச்சி உட்பக்கம் போவதில்லை. வாய்க்குள் நான் கண்ட படத்தின் மிச்சக் கோடுகள் எல்லாம் அந்த நிமிடத்தில் சேர்ந்துகொண்டன. புளிப்பு, கறுப்பு, உமிழ்நீர் வற்றிய வாய், கொப்பளிக்காத பகல். என் இரண்டாவது போத்தலை இந்த மனிதர் ஒரு மாதமாக வாயில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இளம் டொக்டருக்கு ஒரு சந்தேகம். “கடையில நோன்பில்லாத ஆக்கள் ஒருத்தரும் இல்லயா?”

“சமந்த ஐயா இரிக்கார். அவருக்கு எதைக் குடுத்தாலும் ‘ஹரி, ஹரி’ண்டுதான் சொல்வார். முதல் நாள் அவர்ட ஹரியை நம்பி ரெண்டு வாளி சட்னியைக் கொட்டின.”

சிங்களத்தில் ‘ஹரி’ என்றால் சரி என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு சொல்லில்தான் ஓடுகிறது, பாதி வியாபாரம் கெடுவதும் அதனால்தான்.

“சரி, இதை ஹாஜியாரிட்ட சொல்றதுக்கு என்ன?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையா என்ற கேள்வி இருந்தது.

“வெத்திலை போடுறவண்டு சொன்னா, பொய்யண்டு மட்டும்தான் சொல்வாங்க. நோன்பைப் பிடிச்சிக்கிட்டு வாயில சட்னி வைச்சவண்டு சொன்னா? முழு மாசமும் என்ட நோன்பு கூடிச்சா இல்லயாண்டு எனக்கே தெரியாது டொக்டர்.”

பாருங்கள், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையில் ஒரு துண்டை மறைத்தார். ஹாஜியாரின் மூக்கு அந்த மறைப்பைப் பிடித்துவிட்டது, அதற்கு வைத்த பெயர்தான் பிழை.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லுகிறவன் அல்ல. தேவைக்காக ருசி பார்த்துத் துப்பினால், விழுங்காதவரை நோன்பு முறியாது, கூடும் என்று ஓதப்போன காலத்தில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். மௌலவியிடம் ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டேன். கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் வேலையை விடவேண்டும், வேலையை விட்டால் கலியாணம் இல்லை என்று கேட்காமலே இருந்துவிட்டாராம். பல்லில் ஓட்டை இருக்கும் என்று பயந்து நம்மிடம் வராதவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன றிஸ்வி மௌலவியிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதே பதில். முகம் பாதி தெளிந்திருந்தது.

மீதிப் பாதிக்கு ஹாஜியார் வர வேண்டும். நோயாளியின் விபரத்தை மூன்றாம் ஆளுக்குச் சொல்லக்கூடாது என்பது நமக்குத் தெரியும். மூன்றாம் ஆளுக்கு ஏற்கெனவே பிழையான விபரம் நம் கிளினிக்கிலிருந்தே போயிருந்தால் என்ன செய்வது என்று எந்த நூலும் சொல்வதில்லை. நான் கண்டுபிடித்த வழி இது: “நான் லைட்டைப் பிடிக்கிறன். கதையை நீங்க சொல்லுங்க.” றிஸ்வியே கோல் எடுத்தார். ஒரேயொரு தடவை வந்து பாருங்க மாமா, பிறகு உங்கட விருப்பம் என்றார்.

ஹாஜியார் மறுநாள் பின்னேரம் வந்தார். வாசலில் நின்று வாயிலிருந்ததைத் துப்பி, குழாயில் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார். சலாம் சொன்னார்.

“டொக்டர், எனக்குப் பல்வலி ஒண்டும் இல்ல. மருமகனாகப் போனவர்ட பல்லுத்தான் எனக்கு வலிக்குது.”

அவரை முதலில் கதிரையில் இருத்தினேன். கையில் கண்ணாடியைக் கொடுத்து அவருடைய வாயையே அவருக்குக் காட்டினேன். கடைவாயின் கன்னப் பக்கம், இடப்புறத்தில், பல்லும் ஈறும் ஒரே நிறம். உள்கன்னத்தில் ஒரு வெளிறிய திட்டு. அதைப்பற்றி அவரோடு பிறகு தனியாகக் கதைக்க வேண்டியிருந்தது, கதைத்தேன், சோதனைக்கும் அனுப்பினேன். நல்லவேளை, ஆபத்தாக ஒன்றும் இல்லை.

“இவ்வளவு காலமும் என்ட வாய்க்குள்ள இப்பிடியா இரிக்கு?” அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வீட்டில் திறக்காத அறை ஒன்றைக் கண்டவர் போல இருந்தார்.

பிறகு றிஸ்வியை இருத்தி அதே இடத்தைக் காட்டினேன். வெள்ளை. கீழ் முன்பற்களைக் காட்டினேன். ஹாஜியார் குனிந்து பார்த்தார். கருவாட்டுக்கு வாங்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்லும் மனிதர், சும்மா விடுவாரா?

“சிகரட் கறையும் முன்பல்லுக்கு உள்ளாலதானே பிடிக்கும்?”

பிடிக்கும் என்றேன். அப்படியென்றால் மேலேயும் இருக்க வேண்டும், இவருக்கு இல்லை என்றேன். “ஆனா ஹாஜியார், பல்லை மட்டும் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டன். இந்த அறையில ஒருதரம் அப்பிடிச் சொல்லித்தான் நீங்க இங்க வரவேண்டி வந்த.” இளம் டொக்டர் தரையைப் பார்த்தார்.

றிஸ்வி சொன்னார். முதல் நாள் எனக்குச் சொன்னதை விடக் குறைந்த சொற்களில், தலை குனிந்தபடி சொன்னார். கடையிலிருந்து ஒரு போத்தலில் பேரீச்சம்பழச் சட்னியும் கொண்டுவந்திருந்தார். ஹாஜியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூத்த மருமகனும் நன்றாகக் கதை சொல்பவன்.

“எப்பிடி ருசி பார்க்கிறண்டு காட்டு.”

றிஸ்வி கரண்டியைத் தோய்த்தார். நாக்கு நுனியில் தொட்டார். வாயை மூடி, கண்ணை ஒரு கணம் சுருக்கினார். நாங்கள் மூவரும் நிற்பதை அந்தக் கணத்தில் மறந்துவிட்டார் என்று தெரிந்தது. பிறகு, கதிரையின் பக்கத்திலிருந்த தொட்டியில் கீழ்ப்பல் இடுக்கால் நூல் போலத் துப்பினார். கபில நிறம் அப்படியே அந்த ஆறு பற்களிலும் ஓடி நின்றது. “சீனி கொஞ்சம் கூட” என்றார், தன்னையறியாமல்.

பல் வைத்தியனின் கதிரையில் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு குவளை தண்ணீர் இருக்கும். துப்பியவர் எவரும் அடுத்து அதைத்தான் எடுப்பார். குழந்தையும் எடுக்கும். றிஸ்வியின் கை அதை நோக்கிப் போகவே இல்லை. சட்னி பல்லில் ஒட்டியபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் அதைக் கவனித்தேன். ஆனால் எனக்கு முந்தி ஹாஜியார் கவனித்துவிட்டார்.

“தண்ணி இரிக்குதே. ஏன் கொப்பளிக்கல்ல?”

றிஸ்வி குவளையை அப்போதுதான் காண்பவர் போலப் பார்த்தார்.

“பழகிட்டு, மாமா.”

பெருநாள் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. நோன்பு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இதை யாரும் சொல்லிக்கொடுத்து நடிக்க முடியாது. ஹாஜியாருக்கு அது விளங்கியது.

“ஏன் மகன் எனக்குச் சொல்லல்ல?”

“நோன்பு கூடல்லண்டு சொல்லிடுவீங்கண்டு பயந்த.”

இளம் டொக்டர் முன்னால் வந்தார். அன்று கேட்காமல் சொன்னது என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று றிஸ்வியிடம் சொன்னார். ஹாஜியாரிடமும் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அவர் பின்னாளில் பெரிய இடத்துக்குப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லாதது அதனால்தான்.

“பிழையாச் சொன்னதைவிட, சத்தமாச் சொன்னதுதான் பிழை டொக்டர்” என்றார் ஹாஜியார்.

“ரெண்டும்தான்” என்றேன் நான். துறைத் தலைவன் என்ற முறையில் கணக்கைச் சரியாக வைக்க வேண்டுமே.

ஹாஜியார் போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். வீட்டுக்குக் கதைக்கிறார் என்று விளங்கியது. முதலில் அவருடைய குரல் கேட்டது. பிறகு அது நின்று, அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். றிஸ்வி கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார், ஊசி போடும்போதுகூட அவர் அப்படிப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது ஹாஜியாரின் முகம் விசித்திரமாக இருந்தது. சிரிப்பை அடக்குகிற முகம் என்று கண்டுகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

“இளைய மகளிட்ட சொன்ன. இப்பிடி நோன்போட ருசி பார்த்துத் துப்பியிருக்காராம் எண்டு. அவ என்னையே கேட்கிறா: ‘முப்பது நாளும் நீங்க குடிச்ச கஞ்சிக்கு ஆர் உப்புப் பார்த்தண்டு நினைச்சீங்க, வாப்பா?’ ”

நாங்கள் நால்வரும் ஆம்பிளைகள். நால்வரும் வாழ்நாள் முழுக்க நோன்புக் கஞ்சி குடித்தவர்கள். உப்பு ஒருநாளும் கூடவில்லை, குறையவில்லை. அது எப்படி என்று ஒருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் வீடுகளின் குசினி அடுப்படிகளில் ஒவ்வொரு நோன்புப் பகலிலும் நாக்கு நுனியில் நடக்கும் காரியத்தை, இந்த இளைஞர் தான் ஒருவன் மட்டும் செய்த குற்றம் என்று நினைத்து ஒரு மாதம் வெந்திருக்கிறார்.

“இனிக் கழுவி விடுங்க டொக்டர்” என்றார் ஹாஜியார். “வெள்ளிக்கிழமைக்கு ஆள் வேணும்.”

கழுவுகிற வேலையை இளம் டொக்டரிடம் கொடுத்தேன். தேநீர் ஆறுகிற நேரம்தான் ஆகியது. பிறகு றிஸ்விக்கு நான் சொன்னவை நூலில் இருப்பவைதான்: ருசி பார்த்தால் தண்ணீரால் கொப்பளிக்கவும். புளிப்புப் பட்டவுடன் பல்லைத் தேய்க்காமல் கொஞ்சம் பொறுக்கவும், இளகிய எனாமல் தேய்த்தால் போய்விடும். நோன்பில் ஈரத் துணியால் துடைத்தாலும் போதும். குச்சி உட்பக்கமும் போகட்டும். நாம் எழுதிக்கொடுக்கும் சில வாய்க்கழுவி மருந்துகளே இத்தகைய சோஸ்களோடு சேர்ந்தால் கறை பிடிக்கும். ஆதலால் அவருக்கு அதை எழுதவில்லை. நீங்களும் எழுதுமுன் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தத் திரையை எடுத்துவிட்டுப் பலகைத் தடுப்பு வைக்கும்படி மேலிடத்துக்கு எழுதினேன். நான் ஓய்வு பெறும்வரை திரைதான் தொங்கியது. எனவே கேள்வியை மெதுவாகக் கேளுங்கள், முடிவை அதைவிட மெதுவாகச் சொல்லுங்கள். பலகை வரும்வரை உங்கள் குரல்தான் தடுப்பு.

வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் கற்பிட்டிக்குப் போனோம். பந்தலுக்குள், பல பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் ஹாஜியார் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். எதிரே மாப்பிள்ளைக் கதிரையில் றிஸ்வி வெள்ளைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். புரியாணி அவருடைய கடையிலிருந்துதான் வந்தது. பேரீச்சம்பழச் சட்னியும் அங்கிருந்துதான். மாப்பிள்ளை அன்று சட்டியின் முன்னால் நிற்க முடியாது என்பதால், வேறொருவர் ருசி பார்த்திருக்கிறார்.

ஹாஜியார் சட்னியைத் தொட்டு வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். நானும் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து உப்பளம் முழுவதையும் அதற்குள் கொட்டியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர்களை மேற்பார்வை செய்துகொண்டு ஒரு பெரிய மனிதர் முகம் நிறைந்த சிரிப்போடு எங்கள் சஹனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். சமந்த ஐயா.

“ஹரித, ஹாஜியார்?”

பழக்கத்தை மன்னித்தாலும் பொய்யை மன்னிக்காத ஹாஜியார் அவரை ஒருதரம் பார்த்தார், எதிரே இருந்த மருமகனை ஒருதரம் பார்த்தார், வாயிலிருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“ஹரி, ஹரி” என்றார்.

பிறகு குவளையை எடுத்து, நன்றாகக் கொப்பளித்தார்.